அடிபட்டுக் கிடப்பவர் முன்னால் கொண்டாட்டம்: கொடியா, அபராதமா, தடையா?

2023 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை, நியூ ஜெர்சியின் மெட்லைஃப் மைதானம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆட்டம். நியூயார்க் ஜயன்ட்ஸின் புதுமுகம் கேவான் திபடோ, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) நிக் ஃபோல்ஸைப் பிடித்துச் சாய்க்கிறார். இருவரும் தரையில் கிடக்கிறார்கள். திபடோ மல்லாந்து படுத்தபடி, பனியில் குழந்தைகள் விளையாடுவதுபோல் கைகால்களை விரித்து மடக்கி விரித்துக் கொண்டாடுகிறார். கைக்கெட்டும் தூரத்தில் ஃபோல்ஸ் விலா வலியில் துடித்துக்கொண்டிருக்கிறார். தப்பு என்று காட்டும் கொடியை நடுவர்கள் யாரும் எறியவில்லை.

மறுநாள் இரவு சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸின் டமார் ஹேம்லின், எதிரணியான சின்சினாட்டி பெங்கால்ஸின் டீ ஹிக்கின்ஸைத் தடுத்து வீழ்த்திவிட்டு எழுந்து நின்றார், நின்றவர் அப்படியே பின்னால் சரிந்தார். இதயம் நின்றுபோயிருந்தது. களத்திலேயே நெஞ்சை அழுத்தி அவருக்கு உயிர் கொடுத்தார்கள். சுற்றிலும் பில்ஸ் வீரர்கள் மண்டியிட்டு அழுதார்கள், பெங்கால்ஸ் வீரர்கள் கண் கலங்கி நின்றார்கள், ஆட்டம் அத்தோடு நின்றது, பிறகு ரத்தே ஆகிவிட்டது.

அடுத்தடுத்த நாட்களில் நடந்த இந்த இரண்டையும் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி வராமல் போகாது. அமெரிக்கக் கால்பந்தில் எதிராளியை முகத்துக்கு நேரே வெறுப்பேற்றுவதை விதிப்புத்தகம் ‘டாண்டிங்’, அதாவது சீண்டல், என்கிறது. அடிபட்டுக் கிடக்கும் ஒருவரிடம் அதைச் செய்தால் என்ன செய்ய வேண்டும்? அந்த அணிக்குப் பாதகமாகப் பந்தை 15 யார்டு நகர்த்தினால் போதும் என்கிறார்கள் சிலர். காசைப் பிடுங்கு என்கிறார்கள், அடுத்த ஆட்டத்துக்கு உட்கார வை என்கிறார்கள், ஆட்டக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள், நீ ஏன் தலையிடுகிறாய் என்றும் கேட்கிறார்கள். வார இறுதியில் சொந்தமாக ஃபிளாக் ஃபுட்பால் (ஆளைச் சாய்க்காமல் இடுப்புப் பட்டையை உருவி ஆடும் வகை) லீக் நடத்துகிறவர்களுக்கும் இதே குழப்பம்தான், எந்த விதியை எழுதி வைப்பது என்று. எனக்கு இதில் தீர்மானமான ஒரு கருத்து உண்டு. ஆனால் முதலில் எதை வைத்து அளப்பது என்று பேசிவிடலாம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், எனக்கு மிக முக்கியமானது: செய்தவருக்குத் தெரியுமா? எதிராளிக்கு அடிபட்டதைப் பார்த்துவிட்டுச் செய்தாரா, பார்க்காமல் செய்தாரா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத தண்டனை, என்றைக்காவது ஒரு நாள் அப்பாவியைப் போட்டு அடிக்கும்.

இரண்டாவது, தண்டனை யார் தலையில் விழுகிறது. செய்தவர் ஒருவர், அனுபவிப்பது மற்ற 10 பேர் என்றால் அது வேறு கணக்கு.

மூன்றாவது, அந்த இடத்திலேயே சூடு தணிகிறதா. கீழே கிடப்பவரின் தோழர்கள் கொதித்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவர்கள் ஓடி வர வேண்டும். அந்த நேரத்தில் கைகலப்பு மூண்டால் பாதிப்பு கிடப்பவருக்குத்தான்.

நான்காவது, நல்ல சந்தோஷத்தையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறதா. லீக் 1984-ல் மிகையான கொண்டாட்டங்களுக்குத் தடை போட்டது, பிறகு 2017-ல் கூட்டுக் கொண்டாட்டங்களைத் திரும்ப அனுமதித்தது. நடுவில் ஒரு தலைமுறைக்குமேல் ‘சந்தோஷமே இல்லாத லீக்’ என்று ரசிகர்கள் கரித்துக்கொட்டினார்கள். அந்தப் பக்கம் மறுபடி போக வேண்டாம்.

## வழி 1: களத்திலேயே கொடி, 15 யார்டு

இப்போது நடப்பது இதுதான். நடுவர் மஞ்சள் கொடியை எறிவார், 15 யார்டு போகும், தப்பு தற்காப்பு அணியுடையது என்றால் எதிரணிக்குப் பந்தை 10 யார்டு நகர்த்தப் புதிதாக நான்கு முயற்சிகளும் கிடைக்கும். 2016-லிருந்து ஒரே ஆட்டத்தில் இதுபோன்ற நடத்தைக் குற்றம் இரண்டு ஆனால் ஆள் வெளியே.

இதில் நல்லது, உடனடியாக நடக்கிறது. பாதிக்கப்பட்ட அணிக்கே பலன் போகிறது. ‘நடுவர் பார்த்துவிட்டார், நீ போய் அடிக்க வேண்டாம்’ என்ற செய்தியும் தோழர்களுக்குப் போய்ச் சேர்கிறது. மூன்றாவது அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மறைந்திருக்கும் விலையைப் பார்க்க 2021 நவம்பர் 8-க்குப் போக வேண்டும். அந்த சீசனில்தான் சீண்டலைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லி நடுவர்களுக்கு உத்தரவு. பிட்ஸ்பர்கில் சிகாகோ பேர்ஸின் கேசியஸ் மார்ஷ், மூன்றாவது முயற்சியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் குவார்ட்டர்பேக் பென் ராத்லிஸ்பெர்கரைச் சாய்க்கிறார். ஸ்டீலர்ஸ் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய நேரம். மார்ஷ் சுழன்று காலை வீசிக் கொண்டாடிவிட்டு, எதிரணி பெஞ்ச் பக்கம் சில அடிகள் நடந்து ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். நடுவர் டோனி கொரென்டே கொடியை எறிந்தார். பிழைத்துக்கொண்ட ஸ்டீலர்ஸ் பந்தைத் தொடர்ந்து முன்னேற்றி, கம்பங்களுக்கு நடுவே உதைத்து (ஃபீல்டு கோல்) 3 புள்ளி எடுத்தது. ஆட்டம் 29-27 என்று முடிந்தது, வித்தியாசம் 2. யாருக்கும் அடிபடவில்லை, எந்த எதிராளியையும் தொடவில்லை, ஒரு பார்வைக்கு இந்த விலை. இதை ரீப்ளேயில் பார்த்துத் திருத்தவும் வழி கிடையாது.

இதைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. கொடிக்கு ஒரே ஒரு விலைதான் இருக்கிறது. 2021 பிப்ரவரியில், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் அன்டவான் வின்ஃபீல்டு ஜூனியர், டைரீக் ஹில்லின் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டினார். ஹில் அதே சீசனில் முன்பு தனக்குச் செய்ததை வின்ஃபீல்டு திருப்பிக் கொடுத்தார், ஹில்லுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்கும் 15 யார்டு. ஸ்ட்ரெச்சரில் போகப்போகிற ஒருவரின்மேல் நின்று முறைத்தாலும் 15 யார்டு. விதியின் கண்ணில் இரண்டும் ஒன்று என்றால், அந்த விதி அடிபட்டவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

(கல்லூரி ஆட்டத்தில் இன்னும் கடுமை. 2011-லிருந்து, பந்தோடு ஓடுபவர் கோல் கோட்டைத் தொடுவதற்கு முன்பே எதிராளியைச் சீண்ட ஆரம்பித்தால், கோட்டைக் கடந்து எடுக்கும் டச் டவுனே செல்லாது. சீண்டலைக் குறைக்க அது உதவலாம், காயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

எப்போது இது சரி: இருவரும் நலமாக நிற்கும்போது, வாய்த்தகராறு கைத்தகராறு ஆகப்போகும்போது.

## வழி 2: பின்னால் வரும் அபராதம்

லீக் அலுவலகம் வீடியோவைப் பார்த்துக் கடிதம் அனுப்பும், சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள். அந்தப் பணம் முன்னாள் வீரர்களின் நலன் போன்ற காரியங்களுக்குப் போகிறது, அது நல்ல விஷயம். நேரம் எடுத்துப் பார்ப்பதால் ‘தெரியுமா, தெரியாதா’ என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைக்கும். அணி தலையில் எதுவும் விழாது.

ஆனால் உறைப்பதில்லை. வின்ஃபீல்டுக்கு 7,815 டாலர், மார்ஷுக்கு 5,972 டாலர். சூப்பர் பவுல் ஜெயித்த வீரருக்குக் கிடைக்கும் பரிசுத்தொகைக்கு முன்னால் இது தூசு. கடைநிலைச் சம்பளக்காரருக்கு வலிக்கும், நட்சத்திரத்துக்கு வலிக்காது, ஆக ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. கீழே கிடந்தவருக்கோ அவருடைய அணிக்கோ பைசா பிரயோஜனம் கிடையாது, அன்றைய சண்டையையும் இது நிறுத்தாது.

எப்போது இது சரி: நடுவர் பார்க்கத் தவறிய சின்னச் சின்ன சைகைகளுக்கு. அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

## வழி 3: அங்கேயே வெளியேற்றுவது

2024 டிசம்பர் 1, ஜாக்சன்வில். ஜாகுவார்ஸின் குவார்ட்டர்பேக் டிரெவர் லாரன்ஸ் ஓடி, சறுக்கி விழுந்து சரணடைந்த பிறகு ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் அசீஸ் அல்-ஷாயிர் அவர் தலைப்பக்கம் மோதினார். லாரன்ஸின் கைகள் விறைத்துப்போனது கேமராவில் தெரிந்தது, மூளை அதிர்ச்சி. அவர் தரையில் கிடக்க, பக்கத்திலேயே இரண்டு அணியும் அடித்துக்கொண்டன. அல்-ஷாயிரை வெளியே அனுப்பினார்கள், சண்டைக்கு வந்த ஜாகுவார்ஸ் வீரர் ஒருவரையும் அனுப்பினார்கள்.

இது சீண்டல் வழக்கு கிடையாது, ஆபத்தான மோதல். இருந்தாலும் வெளியேற்றம் எதற்கு உதவும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. மருத்துவர்கள் மண்டியிட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து நெருப்பை அகற்றியாக வேண்டும். அந்த ஆள் கண்முன் நிற்கும்வரை மற்றவர்களுக்குக் கோபம் ஆறாது.

விலை என்ன? திரும்பப் பெற முடியாது. சொந்த ஊர்க் கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது, தங்கள் நாயகன் கீழே கிடக்கிறார், அந்த நிமிடத்தில் ஒரு நடுவர் எதிராளியின் மனசுக்குள் போய் ‘இவன் பார்த்தானா’ என்று தீர்ப்பு எழுத வேண்டும். அரை மணி நேரம் கழித்து வீடியோவில் ‘ஐயோ, இவன் முதுகைக் காட்டிக்கொண்டல்லவா நின்றிருக்கிறான்’ என்று தெரிந்தால் என்ன செய்வது? ஆட்டம் போனது போனதுதான்.

எப்போது இது சரி: கைகலப்பு தொடங்கிவிட்டால், அல்லது அடிபட்டவரைக் காலால் தள்ளுவது, துப்புவது மாதிரி யார் பார்த்தாலும் சந்தேகமே வராத செயலுக்கு.

## வழி 4: வீடியோ பார்த்து ஆட்டத் தடை

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2017 டிசம்பர் 4, மறுபடியும் சின்சினாட்டி, ஹேம்லின் பிறகு விழப்போகும் அதே மைதானம். முதல் கால்பகுதியிலேயே ஸ்டீலர்ஸின் ரயன் ஷேசியருக்கு முதுகுத்தண்டில் அடி. கால்களை அசைக்க முடியாமல் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அதே இரவு, நான்காவது கால்பகுதியில், அதே ஸ்டீலர்ஸின் ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர், பந்தோடு ஓடும் தோழருக்கு வழி உண்டாக்க, பெங்கால்ஸின் வான்டேஸ் பர்ஃபிக்டைப் பார்வைக்கு எட்டாத பக்கத்திலிருந்து வந்து மோதித் தூக்கி எறிந்தார். பர்ஃபிக்ட் அசையவில்லை. ஜூஜூ அவர்மேல் போய் நின்று, குனிந்து பார்த்து முறைத்தார். தன் தோழரைப் பலகையில் கொண்டுபோனதைச் சில மணி நேரத்துக்கு முன்தான் பார்த்த ஒருவர் இதைச் செய்தார் என்பது எனக்கு இன்றும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அவருக்கு அப்போது 21 வயதுதான், பிறகு மன்னிப்பும் கேட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

லீக் அவருக்கு ஓர் ஆட்டத் தடை விதித்தது. மோதியதோடு, மேலே நின்று சீண்டியதும் தடைக்கு ஒரு காரணம் என்று கடிதத்திலேயே எழுதினார்கள். மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. முதல் அளவுகோலில் இந்த வழிதான் ஜெயிக்கிறது: எல்லாக் கோணத்திலும் நிதானமாகப் பார்க்கலாம், வீரரின் விளக்கத்தைக் கேட்கலாம். மேல்முறையீட்டைக் கேட்பவர்கள் லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து நியமித்த முன்னாள் ஆட்டக்காரர்கள், அடி வாங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள். போவது சம்பளம் மட்டுமில்லை, ஆட்டம். ஆட்டக்காரனுக்கு அதுதான் வலிக்கும்.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. ஒன்று, பலன் தவறான ஆளுக்குப் போகிறது. ஜூஜூ உட்கார்ந்தது அடுத்த வாரம் பால்டிமோருக்கு எதிரான ஆட்டத்தில். பர்ஃபிக்டின் அணிக்கு அதனால் ஒன்றுமில்லை. (ஸ்டீலர்ஸ் அதையும் 39-38 என்று ஜெயித்துவிட்டது.) இரண்டு, சீரான அளவு கிடையாது. அதே இரவு அன்டோனியோ பிரவுனின் தலையில் மோதிய பெங்கால்ஸின் ஜார்ஜ் ஐலோகாவுக்கும் ஓர் ஆட்டத் தடைதான் விதித்தார்கள், மேல்முறையீட்டில் அது 36,464.50 டாலர் அபராதமாகக் குறைந்தது. ஒருவர் உட்கார்ந்தார், இன்னொருவர் ஆடினார். சின்சினாட்டிக்காரர்களுக்கும் பிட்ஸ்பர்க்காரர்களுக்கும் இது இரண்டு விதமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

எப்போது இது சரி: எதிராளிக்கு அடிபட்டது தெரிந்தும் ஒருவர் தொடர்ந்தார் என்று வீடியோ காட்டும்போதெல்லாம்.

## வழி 5: ஆட்டக்காரர்களிடமே விட்டுவிடுவது

இந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. 1985 நவம்பர் 18, வாஷிங்டன். நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர், வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனைச் சாய்த்தபோது தைஸ்மனின் கால் எலும்பு முறிந்து வெளியே வந்தது. டெய்லர் அந்தக் காலத்திலேயே எதிரிகள் பயந்து நடுங்கிய ஆள். அவர் துள்ளி எழுந்து, தலையில் கை வைத்து, வாஷிங்டன் பெஞ்சைப் பார்த்து ‘வாங்க, சீக்கிரம் வாங்க’ என்று பதறிப் பதறிக் கையசைத்தார். எந்த விதியும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தைஸ்மன் அதன் பிறகு ஆடவில்லை, ஆனால் அந்தக் கைகளை யாரும் மறக்கவும் இல்லை. நமக்குப் பழகிய கால்பந்திலும் இதற்கு ஈடு உண்டு. 2000 டிசம்பரில் எவர்ட்டன் கோல்கீப்பர் கீழே கிடந்தபோது, வெஸ்ட் ஹாமின் பாவ்லோ டி கானியோ கோல் அடிக்காமல் பந்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

மனசாட்சி இருக்கும் இடத்தில் இதைவிடச் சிறந்த வழி இல்லை. இல்லாத இடத்தில்? ஜூஜூ மோதிய அதே பர்ஃபிக்ட், 2016 ஜனவரி பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தில் அன்டோனியோ பிரவுனின் தலையில் மோதியவர், அதற்காக மூன்று ஆட்டம் தடை வாங்கியவர். ‘பட்டதற்குப் பட்டது’ என்று கணக்குத் தீர்க்க ஆரம்பித்தால் இரண்டு வருஷம் கழித்தும் தீராது. அப்புறம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி. எதிராளியைக் காயப்படுத்தி வெளியே அனுப்பினால் காசு என்று உடைமாற்று அறைக்குள் ஒரு ஏற்பாடே நடந்தது 2012-ல் வெளியானது. பயிற்சியாளர் ஷான் பேட்டன் ஒரு சீசன் முழுக்க வெளியே இருந்தார், அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம். அறைக்குள் இருக்கும் பெரியவர்களே இப்படி என்றால், அந்த அறையையே நீதிபதியாக்க முடியாது.

எப்போது இது சரி: இரண்டு அணிக்கும் பழைய பகை இல்லாதபோது, மூத்த வீரர்களின் சொல் எடுபடும்போது.

## அப்படியானால் நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

சாதாரணச் சீண்டலையும் அடிபட்டவர்மேல் நின்று சீண்டுவதையும் ஒரே பெட்டியில் போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். முன்னதற்கு கொடி போதும், அதையும் பார்வைக்கும் முறைப்புக்கும் எறியாமல் முகத்துக்கு நேரே நடப்பதற்கு மட்டும் எறியட்டும். பின்னதற்கு வீடியோ பார்த்து ஓர் ஆட்டத் தடை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடிபட்டது தெரிந்த பிறகு என்ன செய்தார்?

இந்தக் கேள்வியைப் பழைய வழக்கு ஒன்றில் வைத்துப் பார்ப்போம். 1960 நவம்பர் 20, யாங்கி மைதானம், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் சக் பெட்னாரிக் மோதியதில் ஜயன்ட்ஸின் ஃபிராங்க் கிஃபர்டு நினைவிழந்து விழுந்தார், 1961 சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. கிஃபர்டு கட்டையாகக் கிடக்க, பெட்னாரிக் முஷ்டியை ஆட்டிக் கத்தும் புகைப்படம் மிகப் பிரபலம். அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் நானே தடை போடுவேன். ஆனால் பந்து கைநழுவி ஈகிள்ஸ் எடுத்ததால் வெற்றி உறுதியானதைத்தான் கொண்டாடினேன், கிஃபர்டின் நிலை தெரியாது என்று கடைசிவரை சொன்னார் பெட்னாரிக். புகைப்படத்தில் ஒரு நொடிதான் இருக்கிறது. வீடியோ இருந்தால் அதற்கு முந்தைய மூன்று நொடியும் பிந்தைய பத்து நொடியும் இருக்கும்.

திபடோவை அதே கேள்வியால் அளந்தால், ஃபோல்ஸுக்கு அடிபட்டது தெரியாது என்றார் அவர். மல்லாந்து படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரை நான் நம்பத் தயார், பனி விளையாட்டுக்குத் தடை வேண்டாம். ஆனால் பின்னர் பெஞ்ச் பக்கம் போய், தூங்கவைத்துவிட்டேன் என்பதுபோல் கன்னத்தில் கை வைத்து சைகை காட்டினார். அதை நான் மன்னிக்க மாட்டேன். என் கையில் இருந்தால் அதற்கு ஓர் ஆட்டம்.

வார இறுதி லீக் நடத்துகிறவர்களுக்கு வீடியோவும் இருக்காது, மேல்முறையீட்டுக் குழுவும் இருக்காது. அங்கே ஆட்டத் தடை என்று எழுதி வைத்தால் ஞாயிற்றுக்கிழமை பகை திங்கட்கிழமை வாட்ஸாப்பில் தொடரும். உங்களுக்கு என் யோசனை: கொடியோடு சேர்த்து, அந்த ஆளை ஆட்டத்தின் ஒரு கால்பகுதி வெளியே உட்கார வையுங்கள், அதை நடுவர் சொல்லாமல் அவருடைய சொந்த கேப்டனே சொல்ல வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். யாராவது விழுந்து எழவில்லை என்றால், எதிரணி மொத்தமும் 10 யார்டு பின்னால் போய் ஒரு முழங்காலில் உட்கார வேண்டும். முதலுதவிக்கு இடமும் கிடைக்கும், வாய்க்கு வேலையும் இருக்காது.

இந்த ஐந்து வழியும் தொடாத ஒரு கூட்டம் பாக்கி இருக்கிறது. 1999 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் எதிரணியான டாலஸின் மைக்கேல் இர்வின் கழுத்தில் அடிபட்டுக் கிடந்தபோது மைதானத்தில் ஆரவாரம் எழுந்தது. அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். 2012 அக்டோபர் 7, கேன்சஸ் சிட்டியில் இன்னும் மோசம், தங்கள் அணியின் குவார்ட்டர்பேக் மேட் கேசல் மூளை அதிர்ச்சியில் கிடந்தபோது சொந்த ரசிகர்களிலேயே ஒரு பகுதியினர் கைதட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் அவருக்கு முன்னால் நின்று அடி தாங்கும் வரிசையில் ஆடிய எரிக் வின்ஸ்டன், நிருபர்களைச் சுற்றி நிற்கவைத்து, தன் சொந்த ஊர் ரசிகர்களைப் பார்த்து இது கேவலம் என்று கோபமாகப் பேசினார். கேசலைப் பிடித்த யாருக்காகவும் அவர் அதைப் பேசவில்லை, கீழே கிடந்தது ஒரு மனிதன் என்பதற்காகப் பேசினார்.